சாய்ந்து நின்ற கப்பலில் சமையல்

ஆகஸ்ட் 25

எண்பது பேருக்குத் தக்காளி சூப்: உப்பு 180 கிராம், மிளகுத்தூள் 20, சர்க்கரை 60. கொதி வந்தபின் இருபத்திரண்டு நிமிடம்.

இந்த அளவுகளை எழுதிவைக்கத்தான் துறைமுகக் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். பக்கங்கள் நிறைய இருக்கின்றன. மற்றதையும் எழுதலாமே என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடமாகக் கப்பலில் சமைக்கிறேன். இதற்கு முன் உப்பைத் தராசில் வைத்தவனில்லை. ரொட்டி சுடும் ரோமெல் பிலிப்பைன்ஸ்காரன், என்னைக் 'குயா' என்று கூப்பிடுவான். அவர்கள் ஊரில் அண்ணன் என்று அர்த்தம். "குயா எப்போ மருந்துக்கடை வெச்சார்?" என்று சிரித்தான். வயசாகிறது, ஞாபகம் நிற்பதில்லை என்றேன்.

மாலையில் ஐஸ்லாந்தை விட்டுக் கிளம்பினோம். 'ஈடர் லைட்' சின்னக் கப்பல். பயணிகள் எழுபத்தெட்டு, நாங்கள் ஐம்பத்தாறு. நீச்சல் குளம், ஆட்டம்பாட்டம் எதுவும் கிடையாது. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் பனிமலையும் பனிக்கரடியும் பார்க்க வருகிறவர்கள் இதில் ஏறுகிறார்கள். பகலில் ரப்பர் படகில் கரைக்குப் போய்ப் பசியோடு திரும்புவார்கள். தலைமைச் சமையல்காரர் ஹெல்கா, ஆஸ்திரியாக்காரர். அவருக்கு அடுத்தது நான், தூத்துக்குடி கஸ்பார் மச்சாது.

காலையில் எழுந்ததும் விக்ஸ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 26

கடல் மோசம். சூப் கேட்டவர்கள் ஒன்பது பேர்.

ஆகஸ்ட் 28

முதல் பனிமலைகள். சன்னல் வழியாக ஒரு நிமிடம் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக, யாரோ ஒரு மாதா கோவிலை அப்படியே கடலில் இறக்கிவிட்டது போல ஒன்று நின்றது.

பரிமாறும் பெண் வந்து, உங்கள் ஊர் அம்மா ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். பொள்ளாச்சிக்காரர், பெயர் தெய்வானை. வயது அறுபத்துநான்கு. தேங்காய் நார்க் கிடங்கு வைத்து நடத்துகிறவர். கூட வருவதாக இருந்த சிநேகிதி மூட்டுவலி என்று கடைசி நேரத்தில் நின்றுவிட, தனியாகவே வந்துவிட்டார்.

"பையன் போகவே கூடாதுன்னானுங்க. வெள்ளைக்கரடியப் பார்க்காம கண்ண மூட மாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். வந்தா கண்ணத் தொறக்க முடியலீங் தம்பி. மூணு நாளா ஒரே வாந்தி."

"ரசம் வச்சுத் தாரேம்மா" என்றேன்.

ரசம் என்றதும் அவர் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே.

என் பையில் இருந்த மிளகு, சீரகம், பெருங்காயம் எடுத்து வைத்துக் கொடுத்தேன். ரசத்துக்கு என்னிடம் எழுதிவைத்த அளவு கிடையாது.

ஆகஸ்ட் 29

தெய்வானையம்மா என்னைத் தேடி வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங் தம்பி. பெருங்காயத்தக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சுங்க. குடிச்சே பார்க்கலீங்களா?"

"பார்த்தேனே. டப்பா புதுசு, காரம் கூடியிருக்கும்."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊழியர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிட இணையம். ஊரில் இருக்கும் மனைவி அமலியைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

"ஏதோ ஒண்ணு. உங்களுக்கு எதுக்கு அது?"

நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. முன்பெல்லாம் பதினைந்து போதாது. வீட்டில் வேலையாக இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 31

காளான் சூப்: உப்பு 170. வெங்காயம் பொன்னிறம் வர ஒன்பது நிமிடம். கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும்.

இந்த நோட்டிலும் பொய்யாகவே எழுதிக்கொண்டிருந்தால் எதற்கு எழுதுவது? மே மாதம் வீட்டில் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் குளித்துவிட்டு வந்தபோது சோப்பில் வாசனை இல்லை. காப்பி வெறும் சுடுதண்ணீர். நாக்கில் உப்பும் புளிப்பும் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது. ஒரு வாரத்தில் வரும், ஒரு மாதத்தில் வரும் என்று இருந்தேன். ஜூலையில் கப்பலில் ஏறும் முன் மருத்துவப் படிவம் தந்தார்கள். 'முகர்தல், சுவை ஏதேனும் குறை உண்டா' என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறியிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அமலியிடமும். சமையல்காரன் இல்லை என்றால் நான் யார் என்று அவளிடம் எப்படிக் கேட்பது? சாயங்காலம் எல்லாப் பானைகளையும் ரோமெல் ஒருமுறை ருசி பார்க்கிறான். அவன் கருத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் 1

காலை பத்தே முக்காலுக்குக் கப்பல் தரை தட்டியது.

பனியாறு ஒன்று கடலில் விழும் இடம். பயணிகள் எல்லாரும் மேல்தளத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சத்தம் எதுவும் இல்லை. மணலில் மாட்டுவண்டி இறங்குவது போல ஒரு நெருடல், பிறகு இயந்திரம் கத்தியது, பிறகு அமைதி. அடுப்பிலிருந்த பால் ஒரு பக்கமாக வழிந்தது. ஆறு கொண்டுவந்து சேர்த்த சேற்றுத்திட்டு, வரைபடத்தில் இல்லாதது. நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம் வேறு. மதியத்துக்குள் கப்பல் இடதுபக்கம் சாய்ந்துவிட்டது. கொஞ்சம்தான், ஆனால் நடக்கும்போது ஒரு கால் குட்டையானது போல இருக்கிறது.

சேமிப்பு அறைக்குப் போகும் படியில் ஹெல்கா வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்துவிட்டது. மருத்துவ அறையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டனுப்பினார்.

"கஸ்பார், சமையலறை இனி உன் கையில்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 2

நீர் ஏறிய நேரத்தில் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. மூடுபனி, ஹெலிகாப்டர் வராது. உதவிக்கு வரும் கப்பலுக்கு மூன்று நான்கு நாளாகும் என்று கேப்டன் அறிவித்தார். அடுத்த நாட்களில் நீர்மட்டம் இன்னும் ஏறும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பயணிகள் கைதட்டினார்கள். எங்களில் யாரும் தட்டவில்லை.

இருப்பை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அரிசி, மாவு, பருப்பு, உருளைக்கிழங்கு தாராளம். காய்கறி ஐந்து நாள். நூற்று முப்பத்துநான்கு வாய்க்கு எட்டு நாளைக்குச் சாப்பாடு போடலாம் என்று எழுதிக் கேப்டனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

சாய்வில் ரொட்டி எல்லாம் ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து வெந்திருக்கிறது. பானைகளில் பாதிதான் ஊற்ற முடிகிறது.

ஊழியர் சாப்பாட்டில் ஊற்றிய கிரீம் கெட்டிருந்தது. ரோமெல் ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பிவிட்டான். "குயா, இதை ஊத்தும்போது கவனிக்கலையா?" அவசரத்தில் ஊற்றிவிட்டேன் என்றேன். நல்லவேளை, பயணிகளுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 3

இன்று கப்பலே எரிந்திருக்கும்.

பயணிகள் சிலர் உதவி செய்கிறோம் என்று வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். தெய்வானையம்மாவும் இருந்தார். சீவியதை ஒரு பேசினில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர் கதவிலேயே நின்று கத்தினார்.

"தம்பி! துணி எரியுதுங்க!"

சாய்வில் நழுவிய கைத்துணி ஒன்று, எனக்குப் பின்னால் சூடான அடுப்புத் தகட்டின் ஓரத்தில் போய்க் கிடந்திருக்கிறது. தீ இல்லை, உள்ளுக்குள் கனிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பதினெட்டு லிட்டர் எண்ணெய். நான் மூன்றடி தூரத்தில் நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேசினில் இருந்த தண்ணீரை உருளைக்கிழங்கோடு சேர்த்து அதன்மேல் கொட்டினார். ரோமெல் கீழே மாவு எடுக்கப் போயிருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான்.

"இந்த நாத்தம் அந்தக் கூடம் வரைக்கும் வருதுங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?"

ஈரத் துணியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

"எங்க நார்க் கெடங்குலயும் இப்படித்தானுங்க. கண்ணுக்குத் தெரியாம உள்ளயே கனியும். மூக்குத்தான் காப்பாத்தோணும்." அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த ரசத்துலயே எனக்குச் சந்தேகமுங்க. எத்தன நாளா?"

"மே மாசத்துல இருந்து."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்குத்தாம்மா. சொன்னா வேலை போயிரும்."

"வேலை போனாப் போவட்டுமுங்க. கப்பல் போயிருந்தா? நானு ரெண்டு நாளா அந்தச் சாஞ்ச கட்டில்ல படுத்துட்டு, பையன் பேச்சக் கேக்காம வந்துட்டனேன்னு பயந்துட்டுக் கெடக்கறேன். சேறு, தண்ணி, குளிரு இதுக்கெல்லாம் நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இதுக்குப் பண்ணலாமுல்ல?"

தரையில் சிதறிய கிழங்கை இருவருமாகப் பொறுக்கினோம். எழுந்திருக்கும்போது சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பனுங்க. நீங்க சொல்லலீன்னா நானே கேப்டன்கிட்டப் போயிருவேன். எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது. இதச் சொல்ற அளவுக்கு வரும்."

செப்டம்பர் 4

சாயங்காலம் வரை போகத் தேவை இருக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு இயந்திர அறையிலிருந்து செய்தி. குளிர் இயந்திரத்துக்குக் கடல்நீர் இழுக்கும் குழாயில் சேறு அடைத்து, இரண்டாம் குளிர் அறை நின்றுபோயிருக்கிறது. எத்தனை மணி நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். பதினொரு டிகிரி. கோழி, அரைத்த இறைச்சி, பச்சை மீன் எல்லாவற்றையும் யோசிக்காமல் கழித்துக் கட்டச் சொன்னேன். அதற்கு மூக்கு வேண்டாம். மிச்சம் இருந்தது கிரீம், பாலாடைக்கட்டி, புகைபோட்ட மீன், உப்புப் போட்ட பன்றித்தொடை, நேற்று காய்ச்சி வைத்த எலும்புச்சாறு. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஒரு தட்டு மீனை முகத்துக்கு நேராகப் பிடித்து நின்றேன். பளபளப்பாக, அழகாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தட்டை வைத்துவிட்டு மருத்துவ அறைக்குப் போனேன். ஹெல்கா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மீனை முகர்ந்து பார்த்தாயா?"

"என்னால் முடியாது செஃப். மே மாதத்திலிருந்து எனக்கு வாசனை தெரியாது. படிவத்தில் பொய் எழுதினேன். நேற்று ஒரு துணி கனிந்தது, அதுவும் தெரியவில்லை. பயணி ஒருவர்தான் அணைத்தார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் சமையலறையில் எத்தனை நாள்?"

"ஐந்து வாரம்."

"யாருக்காவது உடம்பு கெட்டதா?"

"இல்லை."

"அது உன் கெட்டிக்காரத்தனம் இல்லை, கஸ்பார். அதிர்ஷ்டம்."

"தெரியும்."

"எழுந்து நின்று உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இப்போது கால் இல்லை" என்றார். "ரோமெலைக் கூட்டிப் போ. ஒவ்வொன்றையும் அவன் முகரட்டும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் கழித்துவிடு. ருசி அவன் பார்ப்பான். சமையலறையை நீ நடத்து. இன்றைக்கு எனக்கு வேறு ஆள் இல்லை. கேப்டனிடம் நான் சொல்லியாக வேண்டும், அது உனக்குத் தெரியும்."

"தெரியும் செஃப்."

படியிறங்கும்போது மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து நாலைந்து தடவை இழுத்து விட்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

ரோமெலிடம் சொன்னேன். வாயைப் பிளந்தான். "அதுக்குத்தான் தினமும் என்னை எல்லாப் பானையிலும் ருசி பார்க்க வெச்சீங்களா? குயாவுக்கு என்மேல பிரியம்னுல்ல நெனச்சேன்!"

"பிரியமும்தான்" என்றேன்.

இரண்டு மணி நேரம் அவன் முகர, நான் எழுதினேன். மீனில் பாதி தேறவில்லை. நான் அழகு என்று நினைத்த அந்தத் தட்டுதான் முதலில் போனது.

மத்தியானம் தெய்வானையம்மாவைத் தேடிப் போய், "சொல்லிட்டேம்மா" என்றேன்.

"வேலை?"

"தெரியல."

"சரிங்க. மொதல்ல போயி சாப்பிடுங்க."

செப்டம்பர் 5

பருப்பு, சோறு, வறுத்த உருளைக்கிழங்கு. நூற்று முப்பத்துநான்கு பேருக்கும் ஒரே சாப்பாடு. தாளிப்பை இறக்கும் நேரத்தை ரோமெல் சொன்னான். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரே கூச்சல். கரையில் பனிக்கரடி! ரோமெல் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, போங்க போங்க என்று தள்ளினான். சாய்ந்த தளத்தில் எல்லாரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்கள். தாயும் குட்டியும். தாய் எங்களைப் பார்த்து நின்றது, மூக்கைத் தூக்கிக் காற்றை நாலு பக்கமும் முகர்ந்தது, வேண்டாம் என்று முடிவு செய்தது போலத் திரும்பி நடந்தது.

தெய்வானையம்மா அழுதுகொண்டிருந்தார். "மஞ்சளா இருக்குதுங் தம்பி! வெள்ளைன்னாங்க, பழுப்பு மஞ்சளா இருக்குது!"

"போட்டோ எடுத்தீங்களா?"

"எங்கீங்க எடுக்கறது? பார்த்துட்டே நின்னுட்டேன். பையன் நம்பவே மாட்டான்."

செப்டம்பர் 6

மிதந்துவிட்டோம்!

காலையில் மூடுபனி விலகி, மீன்வளத் துறைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. மதியம் நீர் உச்சத்துக்கு வரும் நேரம் வடம் கட்டி இழுத்தார்கள். பயணிகளை எல்லாம் வலதுபக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். நாங்களும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றோம். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பாதத்துக்கடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது. அடிவானம் மெதுவாக நேரானது. ஆறு நாளாகக் கோணலாகவே பார்த்த கண்ணுக்கு அதுதான் கோணலாகத் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் என் தலையில் முத்தமே கொடுத்துவிட்டார்.

முக்குளிப்பவர் அடிப்பக்கம் பார்த்துவிட்டு வந்தார். ஓட்டையில்லை. மெதுவாக ஐஸ்லாந்துக்குத் திரும்புகிறோம்.

செப்டம்பர் 7

கேப்டன் கூப்பிட்டார். ஹெல்கா ஊன்றுகோலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் படிவம் மேசைமேல் இருந்தது.

சுற்றி வளைக்காமல் கேப்டன் நேராகச் சொன்னார். பொய் எழுதியது பதிவாகும். மருத்துவர் சரி என்று எழுதித் தரும்வரை நான் எந்தக் கப்பலிலும் அடுப்படியில் நிற்கக்கூடாது. தலையாட்டினேன். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். இரண்டாம் தேதி நான் எழுதிக் கொடுத்த எட்டு நாள் சாப்பாட்டுத் திட்டம்.

"ஸ்டோர் பார்க்கும் ஆள் ஐஸ்லாந்தில் இறங்குகிறார். டிசம்பர் வரை அந்த இடம் காலி. ஹெல்கா உன் பெயரைச் சொன்னார்."

நான் ஹெல்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை" என்றார். "ஆனால் நீயாக வந்து சொன்னாய்."

வெளியே வந்து தளத்தில் நின்றேன். கடல் தட்டையாக இருந்தது. பயம் இல்லை. பசித்தது. அதுவே புதுசாக இருந்தது.

செப்டம்பர் 8

துறைமுகம். தெய்வானையம்மா இறங்கும்போது ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். "பொள்ளாச்சிப் பக்கம் வந்தா அம்மணியக் கூட்டிட்டு வாங்க. கொழம்பு நான் வைக்கறனுங்க, நீங்க கம்முனு உட்காருங்க." கீழே போய்த் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். கையால் போனைக் காதில் வைப்பது போலக் காட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9

காலை ஆறு மணி. ஊரில் பதினொன்றரை. அமலியைக் கூப்பிட்டேன். கப்பல் தரை தட்டிய செய்தி அவளுக்குக் கம்பெனி அலுவலகத்திலிருந்து போயிருந்தது. நல்லாயிருக்கேன் என்றேன். சரி என்றாள். அத்தோடு வைத்துவிடுவாள் போலிருந்தது.

"ஏட்டி அமலி, ஒண்ணு சொல்லணும். மே மாசம் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுல இருந்து எனக்கு வாசனை ருசி ஒண்ணும் தெரியல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"உண்மையாவா சொல்லுதீங்க?"

"உண்மைதான்."

"மே மாசத்துல இருந்தா?"

"ஆமா."

"நீங்க கப்பலுக்குப் போறதுக்கு முன்ன, வாளைமீன் கொழம்ப அடிபிடிக்க விட்டேன்லா. வேணும்னுதான் விட்டேன்."

"எதுக்குட்டி?"

"ஒரு சொட்டுப் புளி கூடுனா தெருவுக்கே கேக்க மாதிரிச் சத்தம் போடுத மனுசன், ரெண்டு மாசமா வாயத் தெறக்காம தின்னுட்டு எந்திரிச்சுப் போறீங்க. கரிஞ்ச கொழம்ப வச்சா கூட 'நல்லாருக்கு'ங்கீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இனிமே நான் என்னத்த ஆக்கிப் போட்டாலும் இந்த மனுசனுக்கு ஒண்ணுதான், நான் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான்னு..." அழுதுவிட்டாள். "வாயத் தெறந்து சொல்லியிருந்தா என்ன? எத்தன நாளு நான் தனியாக் கெடந்து..."

சாரி என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

பிறகு திட்டத் தொடங்கினாள். நல்ல திட்டு, பழைய அமலியின் திட்டு. டாக்டரிடம் போகாதது, படிவத்தில் பொய் எழுதியது, கப்பலோடு எரிந்திருப்பேன் என்பது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்கினேன். முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, போன வெச்சிராதீங்க. அடுப்புல சட்டி கெடக்கு."

போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள். அவள் புடவைத் தலைப்பும் பாதிச் சட்டியும் தெரிந்தன. எண்ணெய் சத்தம் கேட்டது.

"இப்ப வெந்தயம் போட்டிருக்கேன். செவந்துட்டு வருது, கசப்பு வாடை லேசா ஏறுது. இந்தா, உள்ளி போட்டாச்சு. இனி கசப்பு போயிரும். வதங்க வதங்க இனிப்பா ஒரு மணம் வரும்லா, அது இன்னும் வரல. இருங்க."

நான் இருந்தேன். சீமையெண்ணெய் விற்கிறவர் எங்கள் தெருவில் மணி அடித்துக்கொண்டு போனார். கப்பலில் நான் ஸ்டோரைத் திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"வந்துட்டு" என்றாள்.

"அப்புறம்?" என்றேன்.